பெரியப்பாவின் உக்ரைன் கணக்கு

குழு: தாத்தா வீட்டுப் பிள்ளைகள்
2025 நவம்பர் 28, வெள்ளி (இந்திய நேரம்)

[காலை 7:34] பாளை அத்தை: ஸ்தோத்திரம். தேங்க்ஸ்கிவிங் படங்கள் பார்த்தேன். வான்கோழி நன்றாக வந்திருக்கிறது. அண்ணன் முகம் மட்டும் ஏன் இப்படி?

[7:36] டல்லாஸ் பெரியம்மா: சாப்பாட்டுக்கு நடுவில் இஸ்ரேல் வந்துவிட்டது. ஹூஸ்டன் சின்னவன் புண்ணியம்.

[7:41] டல்லாஸ் பெரியப்பா: சிட்டிசன் ஆன நாளிலிருந்து ரிபப்ளிகனுக்குத்தான் வோட்டுப் போடுகிறேன். இந்தப் பேச்சை டெமாக்ரட்காரன் பேசிக் கேட்டிருக்கிறேன். ட்ரம்புக்கு வோட்டுப் போட்ட நம் வீட்டுப் பையன், இஸ்ரேலுக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது என்கிறான். எல்லாம் யூடியூப் படிப்பு.

[7:44] ஹூஸ்டன் தம்பி: நான் ஒருத்தன் இல்லை பெரியப்பா. மார்ச்சில் பியூ என்கிற ஆய்வு நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில், 50 வயதுக்குக் கீழே இருக்கிற ரிபப்ளிகன்களில் சரிபாதிப் பேருக்கு இஸ்ரேல் மேல் நல்ல அபிப்பிராயம் இல்லை. 2022இல் அது 35 சதவீதம். உங்கள் வயதுக்காரர்களில்தான் இன்னும் கால்வாசிகூட வரவில்லை.

[7:45] பாளை அத்தை: ஆதியாகமம் 12:3. மறந்துவிடாதே மருமகனே.

[7:47] ஹூஸ்டன் தம்பி: அத்தை, அது எந்த இடத்தில் இருக்கிறது என்று எங்கள் டெக்சாஸ் செனட்டர் டெட் குரூஸுக்கே சொல்லத் தெரியவில்லை. இஸ்ரேலை ஆசீர்வதிக்கிறவன் ஆசீர்வதிக்கப்படுவான் என்று சண்டே ஸ்கூலில் படித்தேன் என்றார். எங்கே இருக்கிறது என்று பேட்டி எடுத்த டக்கர் கார்ல்சன் கேட்டதும் முழித்தார். ஈரானின் ஜனத்தொகையும் தெரியவில்லை. நான்கு நாள் கழித்து ஈரானின் ஃபோர்டோ அணு நிலையத்தில் நம் விமானம் குண்டு போடுகிறது.

[7:48] பாளை அத்தை: செனட்டரா? எங்கள் ஓய்வுநாள் பாடசாலையில் சின்னப் பிள்ளை சொல்லும்.

[7:49] சென்னை சித்தப்பா: தாத்தா வீட்டு வரி ரசீது யாரிடம் இருக்கிறது? கடைசி தேதி நெருங்குகிறது.

[7:56] டல்லாஸ் பெரியப்பா: வசனத்தை விடு. நான் அரசியலாகவே சொல்கிறேன். பனிப்போர் காலத்தில் அந்தப் பகுதியில் சோவியத்துக்கு எதிராக நம் பக்கம் நின்ற, தேர்தல் நடக்கிற நாடு இஸ்ரேல். 2023 அக்டோபர் 7இல் ஹமாஸ்காரர்கள் அங்கே ஏறக்குறைய 1,200 பேரைக் கொன்றார்கள், 251 பேரைப் பிணையாகத் தூக்கிப் போனார்கள். அப்போது கைவிட்டால் அப்புறம் எந்த நாடு நம்மை நம்பும்? பணம் பணம் என்கிறாயே, 2016 ஒப்பந்தப்படி பத்து வருஷத்துக்கு 38 பில்லியன். அதில் பெரும்பகுதி இங்கே இருக்கிற ஆயுதக் கம்பெனிகளுக்கே திரும்பி வருகிறது. வேலை நம் ஆட்களுக்கு. இதைச் சொன்னால் கோபப்பட்டு எழுந்து போகிறான்.

[8:03] ஹூஸ்டன் தம்பி: பெரியப்பா, 2024 ஏப்ரலில் இதே குழுவில் நீங்கள் எழுதியது இருக்கிறது. மேலே போய்ப் பாருங்கள். உக்ரைனுக்கு 60 பில்லியன் கொடுக்கிறார்கள், ஊரான் எல்லையைக் காக்க நம் காசா, முதலில் டெக்சாஸ் எல்லையைப் பாருங்கள் என்று எழுதினீர்கள். உக்ரைன் பணத்திலும் பெரும்பகுதி இங்கேதான் செலவாகிறது என்று நம் கட்சியின் செனட் தலைவராக இருந்த மெக்கானல் அன்றைக்குத் தலைகீழாக நின்று சொன்னார். நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

[8:04] ஹூஸ்டன் தம்பி: அன்றைக்கு பிரதிநிதிகள் சபையில் உக்ரைன் மசோதாவுக்கு எதிராக 112 ரிபப்ளிகன்கள், ஆதரவாக 101. அதே நாள் இஸ்ரேல் மசோதாவுக்கு எதிராக வெறும் 21. எனக்கு இருக்கிற கேள்வி இவ்வளவுதான். அமெரிக்கா முதலில் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் நீங்கள். அதில் ஒரு நாட்டுக்கு மட்டும் விதிவிலக்கு ஏன்?

[8:05] நியூஜெர்சி அக்கா: 😮

[8:06] டல்லாஸ் பெரியப்பா: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

[8:09] நாகர்கோவில் மாமா: வரலாறு வாத்தியார் குறுக்கே வரலாமா? பெரியவர்கள் கொண்டாடுகிற ரிபப்ளிகன் அதிபர் ரீகனே 1982 ஆகஸ்டில் பெய்ரூட்டில் இஸ்ரேல் குண்டு போட்டபோது அதன் பிரதமர் பெகினுக்கு போன் போட்டு நிறுத்தச் சொன்னவர்தான். குண்டுவீச்சு நின்றது. 1956 சூயஸ் சண்டைக்குப் பின் எகிப்தின் சினாயை விட்டு வெளியேறும்படி இஸ்ரேலை நெருக்கியது அதிபர் ஐசனோவர், அவரும் ரிபப்ளிகன். கேள்வி கேட்காத ஆதரவு என்பது அந்தக் கட்சியில் பிற்பாடு கெட்டிப்பட்டது. கிறிஸ்தவ சபைகளின் வேலை அதில் பெரியது. பாஸ்டர் ஜான் ஹேகி சான் அன்டோனியோவில் இருந்து நடத்துகிற இஸ்ரேல் ஆதரவு அமைப்பே 2006இல் வந்ததுதான்.

[8:11] டல்லாஸ் பெரியம்மா: அந்தக் கூட்டத்துக்கு நாங்கள் போயிருக்கிறோம். பாட்டெல்லாம் நன்றாக இருந்தது.

[8:17] நியூஜெர்சி அக்கா: தம்பி சொல்வதில் பாதி எனக்குச் சரி. ஜூலையில் காசாவின் ஒரே கத்தோலிக்கக் கோயில் மேல் குண்டு விழுந்து மூன்று பேர் செத்தபோது நம் குழுவில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது வலித்தது. ஆனால் தம்பி, உன் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்றும் பார். போன மாதம் கார்ல்சன், நிக் ஃபுவென்டெஸை உட்காரவைத்துச் சிரித்துப் பேசினார். ஹிட்லரைப் புகழ்கிற ஆள் அவன். ஹெரிடேஜ் என்கிற வலதுசாரி ஆய்வு நிறுவனத்தின் தலைவர் கார்ல்சனுக்கு வக்காலத்து வாங்கப்போய் அந்த நிறுவனமே ஆடிவிட்டது. என் வார்டில் இரண்டு யூத டாக்டர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பயம் பொய் இல்லை.

[8:21] ஹூஸ்டன் தம்பி: அக்கா, ஃபுவென்டெஸ் நம்மைப் போன்ற இந்தியர்களையும்தான் துரத்தச் சொல்கிறான். அவனை நான் பார்ப்பதில்லை. என் நண்பர்களில் இரண்டு பேர் பார்க்கிறார்கள், சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் பெரியவர்கள் எங்கள் கேள்விக்குப் பதில் சொல்லாமல் யூத வெறுப்பு என்று முத்திரை குத்தினால், பையன்கள் பதில் தேடி அவனிடம்தான் போவார்கள். அக்டோபரில் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவன் துணை அதிபர் வான்ஸிடமே இஸ்ரேல் பற்றி நேராகக் கேட்டான். கைத்தட்டல் கேட்டீர்களா?

[8:23] ஹூஸ்டன் தம்பி: ஈராக்குக்குப் படை போனபோது எனக்கு ஐந்து வயது. 4,400 பேருக்கு மேல் பெட்டியில் திரும்பினார்கள். அந்தப் போருக்குக் கைதூக்கிய தலைவர்கள் இப்போது ஈரானைக் காட்டினால் எங்கள் வயதுக்காரன் எவனும் நம்பமாட்டான். இது யூடியூப் படிப்பு இல்லை.

[8:31] டல்லாஸ் பெரியப்பா: ஈராக்கில் நான் ஏமாந்தது உண்மை. புஷ்ஷை நம்பினேன். அதனால் இஸ்ரேலை விட்டுவிட முடியாது, அது வேறு. உக்ரைனும் இஸ்ரேலும் ஒன்று என்று சொன்னால் இன்னமும் ஒத்துக்கொள்ளமாட்டேன். ஏன் வேறு என்று மேசையில் எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன்.

[8:32] பாளை அத்தை: வசனம் இருக்கிறதே அண்ணே.

[8:33] டல்லாஸ் பெரியப்பா: வசனம் எனக்குப் போதும்மா. அவனுக்குப் போதவில்லையே.

[8:35] நாகர்கோவில் மாமா: 38 பில்லியன் ஒப்பந்தம் 2028இல் முடிகிறது. அதே வருஷம் உங்கள் அதிபர் தேர்தல்.

[8:38] டல்லாஸ் பெரியப்பா: டேய், அந்த வோட்டுப் பட்டியலை அனுப்பு. எங்கள் தொகுதி ஆள் எப்படிப் போட்டார் என்று பார்க்க வேண்டும்.

[8:38] ஹூஸ்டன் தம்பி: உக்ரைனுக்கா, இஸ்ரேலுக்கா?

[8:39] டல்லாஸ் பெரியப்பா: இரண்டுக்கும்.