பந்தருகே நின்ற 11 விநாடி: கோல்ஃப் பட்டிங் ரொட்டீன் அனுபவப் பகிர்வு

நாலடி பட் ஒன்றை, அதாவது நாலடி தூரத்திலிருந்து குழிக்குள் உருட்டும் அடி ஒன்றை, தவறவிட்டதில் எனக்கு இது தொடங்கியது. மாதப் போட்டி, 18-ஆவது கிரீன் (குழி இருக்கும் குட்டைப் புல்தரை). அது விழுந்திருந்தால் அதுவரை என் கார்டில் வராத ஒரு ஸ்கோர் வந்திருக்கும். பந்து குழியின் வலது விளிம்பைக்கூடத் தொடாமல் தள்ளிப் போனது. தவறியதைவிட என்னை உறுத்தியது வேறொன்று: அடித்த அந்தக் கணம் எனக்கு நினைவிலேயே இல்லை. போய் நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன், பந்து போய்விட்டது. நடுவில் என்ன செய்தாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

என்னோடு ஆடியவர்களில் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் இருந்தார். கார்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "தம்பி, முதல் ஒன்பது ஹோலில் பந்துகிட்ட போனதும் அடிச்சீங்க. கடைசி நாலு ஹோலில் நின்னுகிட்டே இருந்தீங்க. நான் மனசுக்குள்ள எண்ணிப் பார்த்தேன்." அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அறிவுரையாக எதுவும் சொல்லாததால்தானோ என்னவோ, அது அப்படியே மனதில் தங்கிவிட்டது.

மறுநாள் பிராக்டிஸ் கிரீனில் போனைப் பையில் சாய்த்து வைத்து 20 பட் பதிவு செய்தேன். அடுத்த வாரம் ஒரு ஆட்டத்தில் நண்பரிடம் சொல்லி, என் பட் எல்லாவற்றையும் பதிவு செய்யச் சொன்னேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது பெரியவர் எண்ணியது சரி என்று புரிந்தது. பயிற்சியில், குழியைக் கடைசியாகப் பார்த்துவிட்டு பந்துக்குக் கண்ணைத் திருப்பியதிலிருந்து பட்டர் (பட் அடிக்கும் மட்டை) நகரும் வரை இரண்டு விநாடி, சில சமயம் அதற்கும் குறைவு. ஆட்டத்தில் ஆறு, ஒன்பது, ஒரு பட்டில் 11.

அந்த 11 விநாடி வீடியோவைப் பலமுறை போட்டுப் பார்த்தேன். முதல் மூன்று விநாடியில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. அப்புறம் இடது கையின் விரல் மூட்டுகள் வெளுக்கத் தொடங்குகின்றன. பட்டர் புல்லிலிருந்து லேசாக எழும்பி மறுபடி உட்காருகிறது, இன்னொரு முறை எழும்புகிறது. தோள் காதை நோக்கி ஏறுகிறது. வலது குதிகால் கொஞ்சம் திரும்புகிறது. நான் குறி வைத்துவிட்டுத்தான் நின்றேன். ஆனால் அடிக்கும்போது அந்தக் குறியில் நின்ற உடம்பே இல்லை.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். குழியின் விட்டம் 4.25 அங்குலம், அதாவது 108 மில்லிமீட்டர். 1891 முதல் மாறாத அளவு அது. பந்தின் நடுப்பகுதி அந்த விட்டத்துக்குள் வந்தால் போதும் என்று வைத்துக்கொண்டால், பத்தடி தூரத்தில் இருபக்கமும் சுமார் ஒரு டிகிரிதான் நமக்கு இடம். நாலடியில் இரண்டரை டிகிரி இருக்கிறது. சமமான தரையில் இரண்டரை டிகிரி தவறுவதற்கு லைன் (பந்து ஓட வேண்டிய பாதை) படிக்கத் தெரியாததோ கண் பார்வையோ காரணமாக இருக்க முடியாது. நின்ற நேரத்தில் உடம்பு இறுகியதுதான் காரணம்.

அதனால் என் ரொட்டீனை, அதாவது ஒவ்வொரு பட்டுக்கும் முன் மாறாமல் செய்யும் படிகளை, பின்பக்கத்திலிருந்து கட்டினேன். முதலில் முடிவு: கண் குழியிலிருந்து லைன் வழியாக மெதுவாக ஊர்ந்து பந்துக்கு வரும். வந்து ஒரு நொடி தங்கும். பட்டர் பின்னால் போகும். இங்கே யோசனைக்கு இடமே கிடையாது. அப்படியென்றால் யோசிக்க வேண்டியதையெல்லாம் அதற்கு முன்பே யோசித்து முடித்திருக்க வேண்டும். ஆகவே சரிவைப் படிப்பது, குறியை எவ்வளவு விலக்குவது, எவ்வளவு வேகம் என்பதெல்லாம் பந்துக்குப் பின்னால் நிற்கும்போதே முடிந்துவிடும். அங்கேயே, குழியைப் பார்த்தபடி இரண்டு பிராக்டிஸ் ஸ்ட்ரோக். முன்பு பந்துக்குப் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்தபடி அதைச் செய்வேன். தரையைப் பார்த்தால் கைக்குத் தூரம் எப்படித் தெரியும்? அப்புறம் பந்தருகே வந்து முதலில் பட்டர் முகத்தை வைப்பேன், பிறகு கால்களை. ஒரே ஒரு முறை குழியைப் பார்ப்பேன். அவ்வளவுதான்.

முதல் இரண்டு வாரம் முன்பைவிட மோசமாக ஆடினேன் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். அடுத்து என்ன, அடுத்து என்ன என்று மனம் படிகளையே எண்ணிக்கொண்டிருந்தது. ஏறக்குறைய ஆறு வாரம் ஆனது, அது தானாக நடக்க.

இன்னொன்று. நடுவில் தடங்கல் வந்தால் பின்வாங்கி, முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதைச் சொல்லும்போதெல்லாம் 1970 பிரிட்டிஷ் ஓபன் போட்டியில் ஆடிய டக் சாண்டர்ஸ் நினைவுக்கு வருகிறார். செயின்ட் ஆண்ட்ரூஸில் கடைசி கிரீன். சுமார் மூன்றடிக்குள் ஒரு பட், போட்டால் பட்டம். பந்தருகே நின்ற பிறகு லைனில் ஏதோ கிடப்பதாகத் தோன்றி, நின்ற இடத்திலிருந்தே குனிந்து கை நீட்டினார். விலகி வந்து மறுபடி தொடங்காமல் அப்படியே அடித்தார். பந்து வலப்பக்கம் போனது. சமநிலை ஆனதால் மறுநாள் நடந்த பிளேஆஃபில் ஜாக் நிக்லஸிடம் ஒரே ஒரு அடியில் தோற்றார். அந்தக் காட்சியைப் பார்த்தால் இன்றும் எனக்கு மனம் கனத்துவிடும். யாராவது இருமினாலோ, நிழல் விழுந்தாலோ, சந்தேகம் எட்டிப்பார்த்தாலோ நான் இப்போது கூச்சமில்லாமல் பின்வாங்குகிறேன். ஓர் அடிக்கு 40 விநாடிக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது என்று 2019 விதிகள் சொல்கின்றன. என் ரொட்டீன் மொத்தமும் 20 விநாடிதான், எனவே ஒருமுறை மறுபடி தொடங்கினாலும் யாருக்கும் தொல்லை இல்லை.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். குறிப்பாக, ஆட்டத்தின் நடுவில் ரொட்டீன் கலைந்து போனவர்கள் அதை எப்படித் திரும்பப் பிடித்தீர்கள்?

*

அண்ணா, உங்கள் விரல் மூட்டு விஷயத்தைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எனக்கு அதைக் காட்டிக்கொடுத்தவர் ஒரு கேடி, அதாவது பை சுமந்து உடன்வரும் உதவியாளர். மூன்று நாள் போட்டி ஒன்றில் எனக்குப் பை தூக்கினார். இரண்டாம் நாள் நாலு த்ரீ பட் (ஒரே கிரீனில் மூன்று பட்) போட்ட பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அக்கா, பிராக்டிஸ் ஸ்ட்ரோக் மூணு போடுறீங்க. ஒண்ணு நீளமா இருக்கு, ஒண்ணு குட்டையா இருக்கு, ஒண்ணு நடுவுல இருக்கு. இதுல எதை நம்பி அடிக்கிறீங்க?"

எனக்குப் பதில் இல்லை. அந்த மூன்று ஸ்ட்ரோக்கும் வெறும் சடங்காக இருந்தன. தொலைக்காட்சியில் பார்த்துப் பழகியது. அன்று முதல் ஒன்றுதான் போடுகிறேன், அந்தத் தூரத்துக்கு இதுதான் என்று கைக்குத் தோன்றும் வரை. சில சமயம் இரண்டாவது தேவைப்படும். பரவாயில்லை. எண்ணிக்கை மாறாமல் இருப்பதைவிடக் கைக்கு நம்பிக்கை வருவது முக்கியம் என்று நினைக்கிறேன். இதில் மட்டும் உங்களிடமிருந்து கொஞ்சம் மாறுபடுகிறேன், அண்ணா.

அவர் சொன்ன இரண்டாவது விஷயம் மூச்சு. நான் பந்தருகே வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேனாம். உண்மைதான். இப்போது பின்னாலிருந்து பந்தை நோக்கி நடக்கும் அந்த இரண்டு எட்டில் மூச்சை நீளமாக வெளியே விடுகிறேன். மூச்சு வெளியேறும்போது தோள் தானாக இறங்கும், பிடியும் தளரும். "கிரிப்பைத் தளர்வாகப் பிடி" என்று எனக்கு நானே ஆயிரம் முறை சொல்லியும் நடக்காதது இப்படி நடந்தது. கையிடம் தளரச் சொன்னால் அது கேட்காது. மூச்சிடம் சொன்னால் கை கேட்கிறது.

கண் பந்தில் தங்குவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜோன் விக்கர்ஸ் என்ற கனடா நாட்டு ஆய்வாளர், பட் அடிப்பவர்களின் கண் எங்கே போகிறது என்பதைக் கருவி வைத்து ஆராய்ந்தவர். தேர்ந்த ஆட்டக்காரர்களின் பார்வை கடைசியில் பந்தின் ஒரே புள்ளியில் இரண்டு மூன்று விநாடி அசையாமல் நிற்கிறது, அடித்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கிறது என்று கண்டார். மற்றவர்களின் கண் பந்துக்கும் பட்டருக்கும் குழிக்கும் தாவிக்கொண்டே இருக்கும். உங்கள் இரண்டு விநாடியும் இதோடு ஒத்துப்போகிறது. மூன்றடிக்குள் இருக்கும் பட்டுகளில் நான் இப்போது பந்து விழும் சத்தத்தைக் காதால்தான் கேட்கிறேன். தலையைத் தூக்குவதில்லை.

பயிற்சிக்கு ஒன்று: மூன்று பந்தை வரிசையாக வைத்து ஒரே இடத்திலிருந்து அடிப்பதை விட்டுவிடுங்கள். முதல் பந்துக்குத்தான் ரொட்டீன் இருக்கும். இரண்டாவதும் மூன்றாவதும் வெறுமனே இழுத்து அடிப்பதாகவே முடியும். ஒரே பந்து போதும். அடி, நடந்து போய் எடு, வேறு குழிக்குப் போ. ஆட்டத்தில் அப்படித்தானே நடக்கிறது?

*

லைன், லைன் என்றே எல்லோரும் பேசுகிறோம். என் அனுபவத்தில் ரொட்டீன் கெட்டதே லைனால்தான். பந்தில் ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டைக் குழிக்கு நேராக வைக்கும் பழக்கத்தை இரண்டு வருடம் வைத்திருந்தேன். வைப்பேன், பின்னால் போய்ப் பார்ப்பேன், கோணல் என்று திரும்பி வந்து மாற்றுவேன். மேலே நின்று பார்த்தால் மறுபடி கோணலாகத் தெரியும். அந்தச் சந்தேகத்தோடு அடித்த பட் ஒன்றும் சரியான வேகத்தில் போனதில்லை. கோட்டைச் சந்தேகப்படாமல் வைக்க முடிந்தவர்களுக்கு அது நல்ல துணை. எனக்கு ஒத்துவரவில்லை, விட்டுவிட்டேன்.

இப்போது பத்தடிக்கு மேல் என்றால் வேகம் மட்டும்தான் என் யோசனை. பந்து தவறினால் குழியைத் தாண்டி எங்கே நிற்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்வேன். பட்டிங் பயிற்சியாளர் டேவ் பெல்ஸ் 17 அங்குலம் என்று சொன்னவர். நான் அங்குலம் பார்ப்பதில்லை, ஒரு காலடி தூரத்துக்குள் இருந்தால் போதும். ஆட்டத்துக்கு முன் பத்து நிமிடம் கிடைத்தால் குழியே இல்லாத பக்கமாக 10, 20, 30 அடி அடித்துப் பார்ப்பேன். அன்றைய கிரீன் எவ்வளவு ஓடுகிறது என்பதைக் கை தெரிந்துகொள்ள அது போதும். குழி இருந்தால் போட வேண்டும் என்ற பதற்றம் அங்கேயே தொடங்கிவிடும்.

குட்டைப் பட்டுகளில் நான் பந்தைப் பார்ப்பதே இல்லை, குழியைப் பார்த்தே அடிக்கிறேன். தொழில்முறை ஆட்டக்காரர் ஜோர்டன் ஸ்பீத் சில வருடங்கள் அப்படிச் செய்தார். மேலே தங்கை சொன்னதற்கு இது நேர் எதிராக இருக்கிறது, தெரியும். ஆனால் பட்டர் முகத்தை வெறித்துப் பார்த்துக் குழம்பும் ஆளுக்கு இது மருந்து. ஒரு வாரம் முயன்று பாருங்கள்.

*

உங்கள் எல்லோருடைய அனுபவமும் எனக்கு உதவும் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். எனக்கு இருந்தது யிப்ஸ். அடிக்கும் கணத்தில் வலது மணிக்கட்டு தன்னிச்சையாக வெட்டி இழுக்கும். இரண்டடி பட்டைப் பத்தடி தாண்டி அடித்திருக்கிறேன். அந்த நிலையில் இருப்பவரிடம் போய் "ரொட்டீன் வையுங்கள், நிதானமாக இருங்கள்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அவர் ஏற்கெனவே எல்லாம் முயன்றிருப்பார். தனக்குத் தைரியம் இல்லை என்று உள்ளுக்குள் தன்னையே நொந்துகொண்டிருப்பார். நான் அப்படித்தான் ஒரு வருடம் போட்டிகளுக்கே போகாமல் இருந்தேன்.

என்னை மீட்டது பெர்ன்ஹார்ட் லாங்கரின் கதை. அவருக்கு யிப்ஸ் ஒருமுறை வந்து போகவில்லை, ஆட்ட வாழ்க்கையில் பலமுறை திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு முறையும் பிடியை மாற்றினார், பட்டரை மாற்றினார். 1985-லும் 1993-லும் மாஸ்டர்ஸ் போட்டியை வென்றார். அவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்கே பிடியை மாற்றித்தான் தீர வேண்டியிருந்தது என்றால் எனக்கு என்ன வெட்கம்? வலது கையை கிரிப்பின் மேல் பென்சில் பிடிப்பதுபோல வைக்கும் கிளா பிடிக்கு மாறினேன். மணிக்கட்டுக்கு வேலையே இல்லாமல் போனது. அதன் பிறகுதான் ரொட்டீன் பக்கம் வந்தேன், அதன் பிறகுதான் அது எடுபட்டது. மூச்சு விடுவது எனக்கும் உதவுகிறது. ஆனால் வரிசை முக்கியம்: முதலில் கை, அப்புறம் ரொட்டீன்.

*

முதலில் எழுதியவன்தான். யிப்ஸ் பற்றி எழுதிய நண்பருக்கு என் வணக்கம். நான் எழுதியது இறுக்கத்துக்குத்தான் பொருந்தும், உங்கள் நிலைக்கு அல்ல என்பதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

தங்கை சொன்ன ஒற்றைப் பந்துப் பயிற்சியை நேற்று மாலை செய்தேன். பிராக்டிஸ் கிரீனில் 18 குழி, வெவ்வேறு தூரம், ஒரே பந்து. முக்கால் மணி நேரம் ஆனது. ஐந்தாவது குழிக்குள்ளேயே பழைய வழக்கம் தலைகாட்டியது, ஆறடி பட் ஒன்றில் கண் இரண்டு முறை குழிக்குப் போனது. பின்வாங்கினேன், மூச்சை விட்டேன், மறுபடி வந்தேன்.

கிரீனுக்கு வெளியே அந்தப் பெரியவர் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. பந்து வலது விளிம்பைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் இரண்டு விரலைக் காட்டினார். நான் பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்குப் போனேன்.