கறையான் அனுபவங்கள்: உங்கள் கண்ணில் பட்டது எந்த ரகம்?

மாடிவீடு
வறண்ட மாடி அறையில் ஒரு மாம்பலகை அலமாரி. சுவரில் எங்கேயும் மண்கோடு கிடையாது. ஆனால் பெருக்கப் பெருக்க அடியில் கசகசா மாதிரி கொட்டிக்கொண்டே இருந்தது. பக்கப்பலகையை அழுத்திப் பார்த்தேன், விரல் உள்ளே போய்விட்டது. வெளியே பெயிண்ட் மட்டும்தான் நின்றிருக்கிறது.

நிலைக்கதவு
மண்கோடு இல்லாமல் கறையானா? அது வண்டு. கறையான் தரையிலிருந்துதான் ஏறும், ஈரம் இல்லாமல் பிழைக்காது. எங்கள் குளியலறை நிலையில் மண்கோட்டைச் சுரண்டினேன். வேலைக்காரக் கறையான்கள் சிதறி ஓடின. சிப்பாய்கள் மட்டும் உடைந்த வாயிலேயே நின்றன, தலையிலிருந்து வெள்ளையாக ஏதோ கசிந்தது. விடிந்து பார்த்தால் ஈரமண்ணால் அடைத்தாயிற்று.

கொழுந்து
நிலைக்கதவு அண்ணா, நீங்கள் பார்த்தது நிலத்தடி ரகம். அதை வைத்து எல்லாவற்றையும் அளக்க முடியாது. வண்டு என்றால் மாவாக உதிரும். மணிமணியாக, லென்ஸில் ஆறு பட்டையோடு தெரிந்தால் உலர்மரக் கறையானின் எச்சம்தான். குடலிலேயே தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு காய்ந்த எச்சத்தை வெளியே தள்ளும், அதற்கு மண்ணே தேவையில்லை.

இலங்கையில் எங்கள் இரத்தினபுரிப் பக்கம் உயிர்மரத்தையே தின்கிற ஒன்று இருக்கிறது, கிளிப்டோடெர்மஸ். தேயிலைச் செடி பச்சையாகத்தான் நின்றது. அம்மா கொழுந்து எடுக்கச் சாய்ந்ததும் தூரோடு முறிந்தது, உள்ளே முழுக்கக் கூடு. கவாத்து வெட்டிய இடம் உளுத்துப்போனால் அது வழியாகத்தான் நுழையும்.

புற்றுக்காளான்
எங்கள் வரப்பில் இருப்பது புற்றுக் கறையான். சருகையும் சுள்ளியையும் தின்று, அந்த எச்சத்தில் பூஞ்சைத் தோட்டம் வளர்த்து, அதைத்தான் சாப்பிடும். மழைக்குப் பின் அதிலிருந்து வருகிற காளானுக்கு ஊரே காத்திருக்கும்.

மாமரத்தில் மண்பூச்சு ஏறினால் பெரும்பாலும் செத்த பட்டையைத்தான் தின்கிறது. பதறி மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், மரம்தான் கெடும். மண்ணைத் தட்டிவிட்டுப் பட்டை உயிரோடு இருக்கிறதா பாருங்கள். மாடிவீடு, உங்களுக்கு ஒன்று. தரையில் துளை போட்டு மருந்து ஏற்றலாம் என்று யாராவது வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது நிலத்தடி ரகத்துக்கான வேலை. உங்களுடையது பலகைக்குள் இருக்கிறது, பலகையில் அது போட்ட துளைகளில்தான் மருந்து இறங்க வேண்டும். பலகை மிச்சமில்லை என்றால் எரித்துவிடுங்கள், பழைய மரக்கடைக்கு மட்டும் போடாதீர்கள். அங்கிருந்து வேறொரு வீட்டுக்குப் போய்விடும்.