புதுப்பிப்பு: நோரோவைரஸ் ஆய்வகத்தில் வளருமா?

வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் நோரோவைரஸ் பற்றிப் போன வாரம் போட்ட இழையில், "போலியோ வைரஸ் 1949-லேயே செல் வளர்ப்பில் (ஆய்வகத் தட்டில் வளர்க்கும் செல்களில்) வளர்ந்துவிட்டது, மனித நோரோவைரஸ் இன்றுவரை வளரவில்லை" என்று எழுதியிருந்தேன். இரண்டாவது பாதி தவறு. சுட்டிக்காட்டிய நண்பருக்கு மனமார்ந்த நன்றி.

1972-ல் கபிகியான் என்ற அமெரிக்க ஆய்வாளர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் நோரோவைரஸைக் கண்டுபிடித்தார். அதற்கப்புறம் நாற்பது வருஷத்துக்கு மேல் எத்தனையோ பேர் எத்தனையோ செல்களில் முயன்று தோற்றார்கள். 2016-ல் ஹூஸ்டனில், பேய்லர் மருத்துவக் கல்லூரியில் மேரி எஸ்டெஸ் குழு வழி கண்டது. வழக்கமான புற்றுநோய்ச் செல்களை விட்டுவிட்டு, மனிதச் சிறுகுடலின் ஸ்டெம் செல்களிலிருந்து (புதுச் செல்களை உண்டாக்கும் மூலச் செல்கள்) குட்டிக் குடல் மாதிரி ஒரு திசுவையே வளர்த்தார்கள். அதன் செல்களைத் தட்டில் ஒற்றைப் படலமாகப் பரப்பி வைரஸை விட்டார்கள். நோரோவைரஸின் சில வகைகள் அதிலும் பெருகவில்லை. பித்தநீர் சேர்த்த பிறகுதான் பெருகின! குடலுக்குள் பித்தநீர் எப்போதும் இருக்கிறதே, அது இல்லாத தட்டு வைரஸுக்கு எப்படிக் குடலாகும்?

என்னை அதிகம் பிரமிக்க வைத்தது வேறு. சிலருக்குப் பிறவியிலேயே குடல் செல்களின் மேல் ஒரு வகைச் சர்க்கரை இருக்காது. பல நோரோவைரஸ்கள் அவர்களைத் தொற்றுவதில்லை. அவர்களுடைய குடல் செல்களைத் தட்டில் வளர்த்தபோது, அங்கேயும் அந்த வைரஸ்கள் பெருகவில்லை. ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசம் தட்டில் அப்படியே தெரிகிறது.

பழைய இழையில் அந்த வரியைத் திருத்திவிட்டேன்.