டேங்க் நிறைய தண்ணி இருக்கிறது, ஷவரில் மட்டும் நூலாக வருகிறது

அல்சூர்வாசி:
பெங்களூரு அல்சூரில் மூன்று மாடி வீடு, நாங்கள் மேல்மாடி. தலைக்கு மேலேயே டேங்க், ஆனாலும் ஷவரில் நூல் மாதிரிதான் தண்ணி வருகிறது. சமையலறைக்குத் தனி லைன், அங்கே குறையில்லை. போன மாதம் பாத்ரூமைப் புதுப்பித்தபோது மொட்டைமாடியில் பைப்பைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுபோனார்கள், அதிலிருந்துதான் இப்படி. பிரஷர் பம்பு வைக்கச் சொல்கிறார் பிளம்பர். எல்போ, அதாவது பைப்பைத் திருப்பும் வளைவு மூட்டு, கூடினால் இவ்வளவு குறையுமா? அம்மாவுக்கு முட்டிவலி, குனிந்து மொண்டு குளிக்க முடியாது.

கணக்குப்பிள்ளை:
குறையும், அதுவும் மேல்மாடிக்குத்தான் உறைக்கும். பத்து மீட்டர் உயரத்துக்குச் சுமார் ஒரு கிலோ பிரஷர் (ஒரு சதுர செ.மீ.க்கு). ஷவருக்கு மேலே உங்களுக்கு இரண்டு மூன்று மீட்டர்தான் இருக்கும், அப்படியென்றால் கால் கிலோ, அதை எல்போவிலேயே செலவழித்தால் ஷவருக்கு என்ன மிஞ்சும்? ஒரு 90 டிகிரி எல்போ தன் விட்டத்தைப் போல 30 மடங்கு நீளமுள்ள நேர்ப்பைப்புக்குச் சமம். 20 மி.மீ., அதாவது முக்கால் இன்ச் பைப்பில் அது 60 செ.மீ. குளோப் வால்வு (தண்ணி உள்ளே வளைந்து நெளிந்து போகிற வகை) இருந்தால் இன்னும் மோசம், அது ஒன்றே ஏழு மீட்டர் பைப்புக்குச் சமம். பால் வால்வு (உள்ளே துளையுள்ள உருண்டை திரும்புகிற வகை) முழுக்கத் திறந்திருந்தால் தொல்லையே இல்லை. மாடிக்குப் போய் எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள்.

அல்சூர்வாசி:
எண்ணினேன், ஒன்பது எல்போ. வால்வு பால் வால்வுதான். ஆனால் டேங்க்கை விட்டு வெளியே வந்த உடனேயே ரெடியூசர் (பைப் அளவைக் குறைக்கும் இணைப்பு) போட்டு அரை இன்ச் ஆக்கியிருக்கிறார்கள்.

பைப்வேலை:
அதுதான் முதல் தப்பு. அதே அளவு தண்ணி முக்கால் இன்ச்சுக்குப் பதில் அரை இன்ச்சில் போனால் உரசல் ஆறேழு மடங்கு. அரை இன்ச்செல்லாம் கடைசியில், ஷவருக்குப் பக்கத்தில் வந்தால் போதும். இன்னொன்று, பைப் ஒட்டுகிற சொல்யூஷனை அள்ளிப் பூசினால் உள்ளே வழிந்து கட்டியாகிவிடும், போன வாரம் நான் அறுத்துப் பார்த்த முக்கால் இன்ச் எல்போவில் சுண்டுவிரல்கூட நுழையவில்லை. போர் தண்ணி என்றால் ஷவர் தலையையும் கழற்றிப் பாருங்கள், உப்பு அடைத்திருக்கும். பம்பு அப்புறம்.

அல்சூர்வாசி:
மாடியில் ஓடுகிற பைப் முழுவதும் முக்கால் இன்ச் போட்டாயிற்று, நேராக இழுத்ததில் ஐந்து எல்போ குறைந்தது. சுவருக்குள் இருப்பதைத் தொடவில்லை. பதினைந்து லிட்டர் பக்கெட் நிறைய முன்பு ஐந்து நிமிடம், இப்போது இரண்டு. பம்பு வாங்கவில்லை. அம்மா இன்று ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தலைக்குக் குளித்தார்.