சுருங்கிய கோப்புப் பெயர்கள்: சேமித்த இணையப் பக்கங்களை மீட்க உதவி தேவை

வணக்கம். தக்கலையிலிருந்து எழுதுகிறேன். பத்மநாபபுரம் அரண்மனை பற்றியும், 1956இல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது பற்றியும் என் தந்தை 2003 வாக்கில் விண்டோஸ் 98 கணினியில் சேமித்த இணையப் பக்கங்கள், கடையொன்றில் சிடியில் பதியப்பட்டபோது, நீண்ட பெயர்களை இழந்து எட்டெழுத்தும் மூன்றெழுத்துப் பின்னொட்டுமாகச் சுருங்கிவிட்டன.

திறந்தால் எழுத்துகள் வருகின்றன; படங்களும் இணைப்புகளும் வரவில்லை. பக்கத்தின் மூல நிரலில் (HTML) படத்தின் முழுப் பெயர் அப்படியே இருக்க, சிடியிலோ அதன் முதல் ஆறு ஆங்கில எழுத்துகளும் ‘~1’, ‘~2’ என்ற குறியுமே மிஞ்சியுள்ளன.

லினக்ஸில் ஏற்றிப் பார்த்தேன். நீண்ட பெயர்களைத் தாங்கும் ஜோலியட் அட்டவணை சிடியில் இல்லை. அன்றைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் உலாவி பக்கத் தலைப்பையே கோப்புப் பெயராக வைத்தது என்பதால், பக்கங்களின் பெயர்களைத் தலைப்பு வரியிலிருந்து மீட்டுவிட்டேன். படங்களுக்கு அந்த வழி இல்லை. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் சில பக்கங்கள் கிடைத்தாலும் அவற்றில் பெரும்பாலும் படங்கள் இல்லை. அத்தளங்கள் பலவும் இன்று இயங்காததால், இந்தச் சிடியை விட்டால் எனக்கு வேறு பிரதி கிடையாது.

மூல நிரலிலுள்ள முழுப் பெயர்களைச் சுருங்கிய பெயர்களோடு ஒப்பிட்டு, ஒரே தொடக்கம் கொண்ட ‘~1’, ‘~2’ கோப்புகளையும் சரியாகப் பிரித்து, மொத்தமாகப் பெயர் மாற்றித் தரும் மென்பொருளோ பைத்தான் நிரலோ உங்களில் எவரேனும் பயன்படுத்தியிருக்கிறீர்களா?