20 தொன் பெக்கோவை ஒழுங்கைக்குள் கொண்டுபோவது எப்படி?

அண்ணாமாரே, ஒரு உதவி. புதுக்குடியிருப்புப் பக்கம் ஷெல் விழுந்து வெடித்துப்போன மாடிவீடு ஒன்றை இடிக்க எடுத்திருக்கிறேன். பெக்கோ (மண் தோண்டவும் இடிக்கவும் பாவிக்கும் பெரிய இயந்திரம்) பரந்தனிலிருந்து ஏ35 வீதியால் லோபெட்டில், அதாவது பாரமான இயந்திரம் ஏற்றும் தாழ்தள லொறியில், வந்துவிடும். பிறகுதான் கரைச்சல். குளக்கட்டோரம் ஒரு கிலோமீற்றர் கிரவல் ஒழுங்கை, இரண்டு பக்கமும் வேலி. பெக்கோவின் அகலமே கிட்டத்தட்ட 3 மீற்றர். நடுவில் வாய்க்காலுக்கு மேலால் ஒரு பழைய மதகு (சின்னப் பாலம்). ஓரம் உடைந்து கம்பி தெரிகிறது. நேற்று நெல் ஏற்றின ட்ரக்டர் போகவே அதிர்ந்தது. லோபெட்டோடு 30 தொன்னைத் தாண்டும், அது தாங்காது.

சரி, வீதியிலேயே இறக்கி, பெக்கோவின் இரும்புச் செயினில் ஓட்டலாம் என்றால் தார் கிழியும். பழைய டயர் பரப்பி ஓட்டினவர்கள் இருக்கிறீர்களா? மதகில் இரும்புத் தகடு போட்டால் போதுமா, அல்லது பக்கத்து வாய்க்காலில் குழாய் வைத்து மண் நிரப்பித் தற்காலிகப் பாதை போடுவதா? கமக்காரர் தண்ணீரை மறிக்க விடமாட்டார்கள், அதுவும் நியாயம்தான். மாரி தொடங்கினால் கிரவல் சேறாகிவிடும். அனுபவமுள்ளவர்கள் கெதியாகச் சொல்லுங்கோ.