ஜன்னல் குண்டுக்கு என்ன முடிச்சு? ரெண்டு தடவை அவிழ்ந்துவிட்டது

காப்பிக்காட்டான்:

ஏற்காட்டில் ஒரு பழைய பங்களாவைப் பார்த்துக்கொள்கிறேன். வெள்ளைக்காரன் காலத்து ஜன்னல்கள், கதவு மாதிரித் திறக்காது, கண்ணாடிச் சட்டம் மேலும் கீழும் ஏறி இறங்கும். இரண்டு பக்கமும் நிலைக்குள்ளேயே பெட்டி, அதற்குள் கயிற்றில் நீளமான இரும்புக் குண்டு, மேலே கப்பி. நம்ம கிணற்றுக் கப்பி கதைதான், வாளிக்குப் பதில் ஜன்னல்.

ஒரு ஜன்னலில் கீழ்ச்சட்டத்தின் இடது கயிறு இற்று அறுந்துவிட்டது. ஆசாரி வந்து பார்த்துவிட்டு, "ஆணி அடிச்சு மூடிடுங்க சார், யாரு திறக்கப் போறா" என்றார். எனக்கு மனசு வரவில்லை. நானே நைலான் கயிறு வாங்கி, வாளிக்குப் போடுகிற சுருக்கைக் குண்டுக்குப் போட்டேன். மூன்றாம் நாள் ராத்திரி சுவருக்குள் 'டொம்' என்று ஒரு சத்தம், வீடே எழுந்துவிட்டது. மறுபடி இரட்டை முடிச்சாகப் போட்டேன், அது ஒரு வாரம் தாங்கியது. கோடை விழாவுக்கு ஆட்கள் தங்க வருவதற்குள் முடிக்க வேண்டும். எந்த முடிச்சு நிற்கும்?

மரத்தூள்:

முடிச்சைத் திட்டாதீர்கள், முதல் குற்றவாளி கயிறு. நைலான் வழுவழுப்பு, அதோடு இழுத்தால் நீளும். ஜன்னலைத் தூக்கும்போது ஒரு கணம் கயிறு தளரும், விட்டதும் இறுகும். தினமும் இப்படித் தளர்ந்து இறுகினால் வழுக்குகிற கயிற்றில் எந்தச் சுருக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நழுவத்தான் செய்யும். பின்னல் போட்ட பருத்திக் கயிறு வாங்குங்கள், கப்பியின் பள்ளத்தில் உரசாமல் உட்காருகிற தடிமனில், பெரும்பாலும் 6 முதல் 8 மில்லிமீட்டருக்குள் இருக்கும்.

குண்டின் தலையைப் பாருங்கள். மேலே நுழைந்து பக்கவாட்டில் வெளியே வருகிற ஓட்டையா, இல்லை வளையமா? ஓட்டை என்றால் கயிற்றை மேலிருந்து விட்டு, பக்கவாட்டில் வந்த நுனியில் 8 வடிவத்தில் ஒரு முடிச்சு, இறுக்கி அந்தக் குழிக்குள்ளேயே தள்ளிவிடுங்கள். துருத்திக்கொண்டிருந்தால் பெட்டிக்குள் உரசும். வளையம் என்றால், நுனியிலிருந்து ஒரு முழம் விட்டு முதலில் தளர்வாக 8 போடுங்கள், நுனியை வளையத்தில் விட்டு எடுத்து, அந்த 8 போன வழியிலேயே பக்கத்தில் ஒட்டிக்கொண்டே திரும்பி வரச் செய்யுங்கள். இரண்டு இழையும் ரயில் தண்டவாளம் மாதிரி சேர்ந்து கிடக்க வேண்டும், ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் அவிழ்த்து மறுபடி போடுங்கள். மிச்ச நுனி நாலு விரல் இருக்கட்டும்.

எதிர்ப் பக்கக் குண்டின் பழைய முடிச்சைப் பார்த்தீர்களா? அவிழ்க்கும் முன் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.

பழைய சாரணன்:

போலைன் முடிச்சு போதுமே சார். சாரணர் பயிற்சியில் சொல்லிக்கொடுப்பதுதான், இறுகாத கண்ணி, எவ்வளவு பாரம் தொங்கியிருந்தாலும் பாரத்தை இறக்கியதும் கையால் அவிழ்க்கலாம்.

மரத்தூள்:

சுலபமாக அவிழ்வதுதான் தம்பி இங்கே பிரச்சினை. பருத்திக் கயிற்றில் போலைன் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், நுனியை நூலால் கட்டிவிட்டால் நிற்கும். ஆனால் மூடிய பெட்டிக்குள் இருப்பதைத் தினமும் யார் போய்ப் பார்ப்பது?

கண்ணாடிக்கடை அக்கா:

சேலத்திலிருந்து எழுதுகிறேன், நாங்கள் கண்ணாடி வெட்டிக் கொடுக்கிறவர்கள். யாராவது கண்ணாடியை மாற்றியிருக்கிறார்களா? சதுர மீட்டருக்கு ஒவ்வொரு மில்லிமீட்டர் கனத்துக்கும் இரண்டரை கிலோ. 80க்கு 60 சென்டிமீட்டர் கண்ணாடி 3 மில்லிமீட்டரில் 3.6 கிலோ, அதையே 5 மில்லிமீட்டராகப் போட்டால் 6 கிலோ. குண்டு பழையதாகவே இருந்தால் ஜன்னல் கீழே விழுந்துகொண்டே இருக்கும், நீங்கள் முடிச்சைக் குறை சொல்வீர்கள். சட்டத்தைக் கழற்றிப் பழைய இரும்புக்கடைத் தராசில் வையுங்கள். கீழ்ச்சட்டத்துக்கு இரண்டு குண்டும் சேர்ந்து சட்டத்தைவிடக் கொஞ்சம் இளைத்திருக்க வேண்டும், அப்போதுதான் மூடினால் மூடியபடி நிற்கும். மேல்சட்டத்துக்கு அப்படியே தலைகீழ், குண்டு கொஞ்சம் கூடுதல்.

காப்பிக்காட்டான்:

அக்கா சொன்னது உண்மைதான், ஒரு பக்கம் புதுக் கண்ணாடி. குண்டு இரண்டுமே பக்கவாட்டு ஓட்டை உள்ளவை. கயிற்று நீளத்தை எப்படி அளப்பது? அப்புறம் கயிற்றைப் பெட்டிக்குள் எப்படி விடுவது, முதல் தடவை ஒரு மணி நேரம் போராடினேன்.

மரத்தூள்:

உள்பக்க பீடிங்கை, அதாவது சட்டத்தைப் பிடித்திருக்கும் மெல்லிய மரப்பட்டியை, பட்டை உளியால் நெம்பி எடுங்கள், சட்டம் உங்கள் பக்கம் வந்துவிடும். நிலையின் கீழ்ப்பகுதியில் ஒரு பலகைத் துண்டு தனியாகப் பதிந்திருக்கும், பெயிண்ட் மேல் பெயிண்டாக அடித்துக் கண்ணுக்கே தெரியாது, விரலால் தடவிப் பாருங்கள். அதுதான் குண்டை எடுக்கும் வழி. ஒரு சின்ன ஆணியை வளைத்து மெல்லிய நூலில் கட்டிக் கப்பி மேலாக விடுங்கள், அது கீழே இறங்கும். நூலின் மறுமுனையில் கயிற்றைக் கட்டி இழுத்துவிட்டால் முடிந்தது.

நீளம் அளக்கும் முன் முடிச்சு போட்டுக் குண்டை ஒரு ராத்திரி சும்மா தொங்கவிடுங்கள். முடிச்சு உட்காரும், கயிறும் கொஞ்சம் இறங்கும். அதற்கு முன் வெட்டினால் ஏமாறுவீர்கள். சட்டம் முழுக்கக் கீழே இருக்கும்போது குண்டு கப்பியைத் தொடாமல் இரண்டு அங்குலம் கீழே நிற்க வேண்டும், முழுக்க மேலே தூக்கினால் பெட்டியின் அடியைத் தொடாமல் அதே அளவு இடைவெளி வேண்டும். அடியைத் தொட்டால் கயிறு தளர்ந்து சட்டம் நிற்காது. சட்டத்தின் பக்கவாட்டுப் பள்ளத்தில் ஆணியைக் கீழ்ப்பகுதியில் மட்டும் அடியுங்கள். மேலே அடித்தால் தூக்கும்போது ஆணி கப்பிக்குள் போய் மாட்டும்.

கயிற்றுக்குப் பெயிண்ட் அடிக்கவே கூடாது. விறைத்து, மடிகிற இடத்தில் அறும். மலைத்தேன் விற்பவர்களிடம் மெழுகு கிடைக்கும், லேசாகத் தேய்த்தால் போதும்.

காப்பிக்காட்டான்:

முடித்துவிட்டேன். எடை போட்டதில் குண்டுகள் ஒவ்வொன்றிலும் ஒன்றேகால் கிலோ குறைந்தது, லேத் பட்டறையில் இரும்பு வளையங்கள் வெட்டி வாங்கிக் குண்டுக்கு மேல் கயிற்றிலேயே கோத்துவிட்டேன். ஒரு விரலால் தூக்கினாலே ஏறுகிறது, எந்த இடத்தில் விட்டாலும் நிற்கிறது. வலது பக்கப் பழைய குண்டைச் சுரண்டிப் பார்த்தேன், துருவுக்குள் பழைய முடிச்சு அப்படியே இருந்தது. எட்டுதான். மீதி ஏழு ஜன்னலுக்கு நாற்பத்திரண்டு மீட்டர் கயிறு வேண்டும், சேலத்தில் பருத்திப் பின்னல் எங்கே மொத்தமாகக் கிடைக்கும்?

கண்ணாடிக்கடை அக்கா:

செவ்வாய்ப்பேட்டையில் கயிற்றுக்கடைகளில் கேளுங்கள். கையில் பழைய கயிற்றுத் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் மறுபடி நைலானைத்தான் கட்டித் தருவார்கள்.